மாடி வீட்டு ரிமோட்டும் நம் வீட்டு ஃபேனும்

எங்கள் படுக்கையறை ஃபேன் தினமும் இரவு 11 மணி வாக்கில் தானாக வேகம் குறைந்தது. சில நாள் அதனுடன் இணைந்த விளக்கும் திடீரென்று எரிந்தது. ரிமோட்டின் பேட்டரியை மாற்றிப் பார்த்தேன். எலக்ட்ரீஷியன் வந்து கெப்பாசிட்டரை மாற்றினார். எதுவும் சரியாகவில்லை. ஒரு நாள் ரிமோட்டிலிருந்து பேட்டரியையே கழற்றி வைத்துவிட்டுப் படுத்தேன். அன்றைக்கும் 11 மணிக்கு ஃபேன் மெதுவானது. சரி, கட்டளை என் கையிலிருந்து போகவில்லை, வேறு யாரோ கொடுக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் மேல்மாடி அக்காவிடம் கேட்டேன். “தூங்கப் போகும்போது ஃபேனை ரெண்டுல வைப்பேன், தம்பி. அது உங்க வீட்டுலயும் குறையுதா?” என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, “என் வீட்டு லைட்டும் அடிக்கடி தானா அணையுது” என்றார். நான் அணைத்த விளக்குகள்தான் அவை.

டிவி ரிமோட்டில் இப்படி நடந்து நாம் கேள்விப்பட்டதே இல்லை. ஒரே கட்டடத்தில் ஒரே மாடல் டிவி 10 வீடுகளில் இருந்தாலும் யாரும் யார் சேனலையும் மாற்றுவதில்லை. ஃபேன், அழைப்பு மணி, கேட் போன்றவற்றில் மட்டும் ஏன் இந்தக் குழப்பம்?

டிவி ரிமோட்டின் முனையில் உள்ள சிறு எல்இடி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை உமிழ்கிறது. அதன் அலைநீளம் பெரும்பாலும் 940 நானோமீட்டர். அந்த ஒளி நொடிக்குச் சுமார் 38,000 முறை மினுக்குகிறது. அந்த மினுக்கலை விட்டுவிட்டு அனுப்பும்போது உண்டாகும் நீண்ட, குறுகிய இடைவெளிகளில்தான் செய்தி இருக்கிறது. பரவலாகப் புழங்கும் என்இசி முறையில், முதலில் 9 மில்லிநொடிக்கு ஒரு நீண்ட துடிப்பு, பிறகு 4.5 மில்லிநொடி அமைதி, அதன்பின் 32 பிட் (0 அல்லது 1) கொண்ட செய்தி. எந்தக் கருவி, எந்தப் பட்டன் என்பதை அது சொல்லும். யாருடைய வீடு என்று சொல்லாது. ஒரே மாடல் டிவி எத்தனை விற்றாலும் பொதுவாக அத்தனைக்கும் ஒரே குறியீடுதான்.

அப்படியும் சண்டை வராததற்குக் காரணம் சுவர். அகச்சிவப்பும் ஒளிதான், செங்கல்லைத் தாண்டாது. அறைக்குள்ளேயே சுவரில் பட்டுச் சிதறி அங்கேயே அடங்கிவிடும். ஜன்னல் கண்ணாடி மட்டும் அதை உள்ளே விடும். அதனால் எதிரெதிர் ஜன்னல்களுக்கு நடுவே எப்போதாவது சிக்கல் வரலாம். ஒரே கூடத்தில் ஒரே மாடல் ஏசி இரண்டை மாட்டியவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும்.

வெளியிலிருந்து வரும் இடையூறு ரிமோட்டோடு கூடவே பிறந்தது. 1955-ல் ஜெனித் நிறுவனம் விற்ற ‘ஃபிளாஷ்-மேட்டிக்’, டிவியின் நான்கு மூலைகளில் ஒளி உணரிகளை வைத்திருந்தது. டார்ச் அடிப்பதுபோல் ஒரு மூலையில் ஒளியைப் பாய்ச்ச வேண்டும். வெயில் பட்டாலும் அது வேலை செய்துவிடும். அடுத்த ஆண்டு அதே நிறுவனம் காதுக்குக் கேட்காத மீயொலிக்கு மாறியது. அப்போது சாவிக்கொத்து குலுங்கினால்கூட சில வீடுகளில் சேனல் மாறியது.

இப்படிப்பட்ட ஃபேன் ரிமோட்டுக்கு ஒளி ஏன் ஒத்துவரவில்லை? பல ஃபேன்களில் ரிசீவர் கூரையை ஒட்டிய கிண்ணத்துக்குள் மறைந்திருக்கிறது. ஒளி அங்கே எட்டாது. அதனால் ரேடியோ அலை. பல நாடுகளில் இதற்கு 433.92 மெகாஹெர்ட்ஸ், வேறு சிலவற்றில் 315 மெகாஹெர்ட்ஸ். 433.92-ன் அலைநீளம் சுமார் 69 சென்டிமீட்டர். செங்கல், மரம், கண்ணாடி எல்லாம் அந்த அலையைக் கொஞ்சம் வலுவிழக்கச் செய்யும், நிறுத்தாது. கான்கிரீட்டும் அதனுள் இருக்கும் கம்பியும் கணிசமாகக் குறைக்கும். ஆனாலும் போதாது.

ஏன் போதாது என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ரிமோட் 10 மில்லிவாட் திறனில் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு வந்து சேர்ந்தாலே ஒரு சாதாரண ரிசீவருக்குப் போதும். நடுவில் ஒரு தளம் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கை விழுங்கினாலும், மிச்சம் இருப்பது தேவையைவிடப் பல மடங்கு அதிகம். இன்னொன்றையும் கவனியுங்கள். என் ஃபேனின் ரிசீவர் தொங்குவது என் கூரையில். அதுதான் மாடி வீட்டின் தரை. கட்டிலில் படுத்திருக்கும் என் கையைவிட, மேலே நின்று பட்டனை அழுத்தும் அக்காவின் கைதான் அதற்குப் பக்கம்!

ஆக, ரேடியோவுக்கு வீடு என்ற எல்லையே கிடையாது. சுவர் செய்த வேலையை வேறு ஏதாவது செய்தாக வேண்டும். அதைச் செய்வது ஓர் எண். ரிமோட் அனுப்பும் ஒவ்வொரு செய்தியின் முன்னாலும் ஒரு முகவரி எண் இருக்கும். ரிசீவர் தன் எண்ணோடு அதை ஒப்பிடும்; பொருந்தினால் பணியும், இல்லையென்றால் பேசாமல் இருக்கும். அழுத்தியது யார், எங்கிருந்து என்று தெரிந்துகொள்ள அதற்கு வழியில்லை. என் ஃபேனும் அக்காவின் ஃபேனும் ஒரு பழுதும் இல்லாமல் வேலை செய்துகொண்டுதான் இருந்தன. இரண்டுக்கும் ஒரே எண் இருந்தது, அவ்வளவுதான்.

பல ஃபேன் ரிமோட்டுகளில் பேட்டரி மூடிக்குள் நான்கு குட்டி சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். டிப் சுவிட்ச் என்பார்கள். ஒவ்வொன்றும் மேலே அல்லது கீழே. நான்கு சுவிட்ச் என்றால் மொத்தம் 16 முகவரிகள். ரிமோட் ஃபேன் உள்ள எங்கள் ஐந்து வீடுகளுக்கு 16 தாராளம் என்றுதான் நானும் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் அது எவ்வளவு குறைவு என்று தெரிந்தது.

ஐந்து வீட்டுக்காரர்களும் ஒருவரையொருவர் கேட்காமல், மனம்போன போக்கில் ஆளுக்கொரு எண்ணை வைக்கிறார்கள் என்று கொள்வோம். முதல் வீடு எதை வைத்தாலும் சரி. இரண்டாவது வீடு மோதாமல் இருக்க 16-ல் 15 வாய்ப்பு. மூன்றாவதற்கு 14, நான்காவதற்கு 13, ஐந்தாவதற்கு 12. இவற்றைப் பெருக்கி 16-ன் நான்காம் அடுக்கால் வகுத்தால் 65,536-ல் 32,760 வரும். ஏறக்குறைய சரிபாதி. அதாவது வெறும் ஐந்து வீடுகளில், ஏதோ இரண்டு வீட்டு ஃபேன்கள் ஒரே எண்ணில் இருக்க நாணயம் சுண்டிப் பார்க்கும் அளவு வாய்ப்பு இருக்கிறது. நம் வீடு மட்டும் மற்ற நான்கில் ஒன்றோடு மோதுமா என்று கேட்டால் வாய்ப்பு சுமார் 23 சதவீதம். ஆனால் ஐந்து வீடுகளுக்குள் பத்து ஜோடிகள் உண்டு. ஒவ்வொரு ஜோடியும் ஒரு வாய்ப்பு. ஒரே பிறந்தநாள் உள்ள இருவரை ஒரு வகுப்பறையில் எளிதாகக் கண்டுபிடித்துவிட முடிவதும் இதே கணக்கால்தான்.

இதுவும் நல்ல நிலவரத்தைச் சொல்லும் கணக்குதான். யார் அந்தச் சுவிட்சைத் தொடுகிறார்கள்? தொழிற்சாலையில் வைத்த நிலையிலேயே ரிமோட் வீட்டுக்கு வருகிறது, மாட்டுபவர் அப்படியே மாட்டிவிட்டுப் போகிறார். ஒரே மாடலை வாங்கிய இரண்டு வீடுகள் மோதுவது அப்போது ஏறக்குறைய உறுதி.

சுவிட்சை எட்டாக்கினால் 256 முகவரிகள். அப்போதும் 20 வீடுகள் சேர்ந்தால் ஏதோ ஒரு ஜோடி மோத பாதிக்கும் மேல் வாய்ப்பு. பிடி2262 என்ற சில்லு வேறு ஒரு தந்திரம் செய்தது: ஒவ்வொரு முகவரிக் காலையும் (சில்லிலிருந்து நீளும் இணைப்புக் கம்பி) மேலே, கீழே, எதிலும் இணைக்காமல் என்று மூன்று நிலைகளில் வைக்கலாம். எட்டுக் கால்களில் 6,561 எண்கள் கிடைத்தன. அப்புறம் வந்த இவி1527 வகைச் சில்லுகளில் சுவிட்சே இல்லை. தொழிற்சாலையிலேயே 20 பிட் எண் ஒன்று பதிக்கப்படுகிறது. மொத்தம் 10,48,576 எண்கள். ரிசீவரில் உள்ள ‘கற்றுக்கொள்’ பட்டனை அழுத்தி, ரிமோட்டை ஒருமுறை அழுத்தினால் அந்த எண்ணை ரிசீவர் நினைவில் வைத்துக்கொள்ளும். இங்கே 20 வீடுகளில் மோதல் நேர வாய்ப்பு சுமார் 5,500-ல் ஒன்று. பட்டனும் நினைவகமும் மட்டுமே கூடுதல். ஃபேன் தயாரிப்பவர்கள் எல்லாரும் இதற்கு மாறிவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கேட்டுக்கும் கார் கதவுக்கும் இது பத்தாது. மாறாத எண்ணை யாராவது பதிவு செய்து திரும்ப ஒலிபரப்பினால் கதவு திறந்துவிடும். அதனால் அவற்றில் ஒவ்வோர் அழுத்தலுக்கும் குறியீடு மாறுகிறது. 1980-களில் தென்னாப்பிரிக்காவில் உருவான கீலாக் இவ்வகையில் மிகப் பரவலானது. ரிமோட்டுக்குள் இருக்கும் ஓர் எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் ஒன்று கூடும். அது 64 பிட் ரகசியச் சாவியால் பூட்டப்பட்டு அனுப்பப்படும். ரிசீவரும் அதே எண்ணிக்கையை வைத்திருக்கும். குழந்தை சும்மா நாலைந்து முறை அழுத்தி விளையாடினாலும் கெட்டுவிடாதபடி, வழக்கமாக அடுத்த 16 எண்கள்வரை அது ஏற்கும். அதைத் தாண்டிவிட்டால் அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்த வேண்டும், மீண்டும் ஒத்துப்போகும்.

இதுவரை சொன்னது அடுத்தவர் சொல்லுக்கு நம் கருவி பணிவது. இன்னொரு தொல்லை, நம் சொல்லே அதற்குக் கேட்காமல் போவது. முகவரி எவ்வளவு நீளமாக இருந்தாலும் இதற்கு உதவாது. அழைப்பு மணி, வெளி வெப்பநிலை காட்டும் கருவி, கேட், கார் சாவி எல்லாமே பெரும்பாலும் அந்த ஒரே அலைவரிசையில்தான் பேசுகின்றன. உரிமம் வேண்டாத பொது இடம் அது. குறைந்த திறனில் பேசு, மற்றவர் தரும் இடையூறைப் பொறுத்துக்கொள் என்பது அங்கே பொதுவான நிபந்தனை. எல்லாரும் சில மில்லிநொடிகள் பேசிவிட்டு ஓய்ந்தால் பிரச்சினை இல்லை. புத்தக அடுக்குக்கு அடியில் பட்டன் நசுங்கிக் கிடக்கும் ஒரே ஒரு ரிமோட் போதும், பேட்டரி தீரும்வரை அக்கம்பக்கத்துக்குத் தொல்லை. மலிவான ரிசீவர்களில் சிக்கல் இன்னும் அதிகம். தன் அலைவரிசையை ஒட்டிய அகலமான பட்டையையே அவை கேட்கும். அதனால் பக்கத்து அலைவரிசையின் சத்தமும், தரமற்ற எல்இடி பல்பின் மின் இரைச்சலும் உள்ளே வந்துவிடும்.

2019-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், நார்த் ஓம்ஸ்டெட் பகுதியில் பல வீடுகளின் கார் சாவிகளும் கராஜ் ரிமோட்டுகளும் வாரக்கணக்கில் வேலை செய்யவில்லை. தேடிப் போனபோது ஒரு வீட்டில் காரணம் கிடைத்தது. மின்னணுவியலில் ஆர்வமுள்ள ஒருவர், தான் கீழறையில் இருக்கும்போது மேலே யாராவது வந்தால் தெரிந்துகொள்ளத் தானே செய்த கருவி 315 மெகாஹெர்ட்ஸில் ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. அதில் பேட்டரியும் இருந்ததால் மின்சாரத்தைத் துண்டித்தும் நிற்கவில்லை. அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. இப்படி ஒன்று நடக்கிறதென்றே அவர் அறிந்திருக்கவில்லை.

உங்கள் வீட்டில் இப்படி நடந்தால் முதலில் உங்கள் ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். அதற்குப் பிறகும் கருவி தானாக இயங்கினால் பெரும்பாலும் எண் மோதல்தான். டிப் சுவிட்ச் இருந்தால் ரிமோட்டிலும் ரிசீவரிலும் ஒரே மாதிரி மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் உங்கள் ரிமோட்டும் வேலை செய்யாது. ரிசீவரைத் தொடும் முன் மெயினை அணையுங்கள். அதற்குள் ஓடுவது வீட்டு மின்சாரம். தானாக இயங்கவில்லை, மிக அருகில் போனால்தான் வேலை செய்கிறது என்றால் அது இரைச்சலாக இருக்கலாம். வீட்டின் எல்இடி விளக்குகளையும் சார்ஜர்களையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். ரிசீவரிலிருந்து தொங்கும் சுமார் 17 சென்டிமீட்டர் கம்பியைச் சுருட்டியோ வெட்டியோ விடாதீர்கள். அது ஆன்டெனா, அலைநீளத்தில் கால்பங்கு.

நான் என் ஃபேனின் ரிமோட்டிலும் ரிசீவரிலும் இரண்டாவது சுவிட்சை மேலே தள்ளினேன். மாடியிலிருந்து அக்கா அழுத்திப் பார்த்தார். எங்கள் ஃபேன் அதே வேகத்தில் ஓடியது. ஆனால் அடுத்த நாளே பக்கத்து வீட்டு விளக்கு அணைந்தது. நான் மாற்றிய புது எண் அவர்களுடையதாம். அதன்பிறகுதான் ரிமோட் ஃபேன் உள்ள ஐந்து வீட்டு எண்களையும் கேட்டு ஒரு தாளில் எழுதி மீட்டர் பெட்டிக்குள் ஒட்டினோம். இப்போது புதிதாக ஃபேன் மாட்டுகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, யாரும் எடுக்காத எண்ணை வைத்துக்கொண்டு தாளில் தங்கள் எண்ணையும் சேர்த்துவிடுகிறார்கள்.