மழைமாதங்களில் வீடு: கதகதப்பு வேண்டும், ஈரம் வேண்டாம்

குமரி மாவட்டத்தில் குளிர்காலம் மார்கழி, தை என்ற இரண்டு மாதங்களோடு முடிந்துவிடுவதில்லை. இடவப்பாதியில், அதாவது வைகாசி நடுவில், தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஆடி, ஆவணி வரை சாரலாக நீள்கிறது. சற்றே வெயில் கண்டதும் ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடுகிறது. அதன் பின்னால் பனி. இரு பருவமழைகளும் பெய்யும் இம்மாவட்டத்தின் மேற்கிலும், குலசேகரம், பேச்சிப்பாறை போன்ற மலையடிவார ஊர்களிலும், பல வீடுகளின் சுவர்கள் மாதக்கணக்கில் முழுதாகக் காய்வதில்லை. நெஞ்சக நோய் மருத்துவர் என்ற முறையில் நான் பார்க்கும் புறநோயாளிகளிடம் இழுப்பும் இருமலும் கூடுவது இந்த மாதங்களில்தான்.

பாட்டாவுக்குக் குளிர் படக்கூடாது, கைக்குழந்தைக்குச் சாரல் அடிக்கக்கூடாது என்ற அக்கறையில்தான் சன்னல்கள் சாத்தப்படுகின்றன. சில வீடுகளில் சன்னலுக்கு வெளியே பழைய பிளெக்ஸ் பேனரையும் கட்டிவிடுகிறார்கள். அக்கறையில் குறையில்லை; ஆனால் நாம் தடுப்பது தவறான எதிரியை. குளிர்நாடுகளில் வீட்டினுள் வெப்பநிலை 18 டிகிரி செல்சியசுக்குக் குறையக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வீட்டுவசதி வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. நம் சமவெளியில் மார்கழி விடியற்காலையில்கூட வெப்பநிலை பெரும்பாலும் அந்த அளவுக்கு இறங்குவதில்லை. நம் வீட்டு முதியவர்களை நடுங்க வைப்பதில் பெரும்பங்கு ஈரத்தினுடையது: நமுத்த மெத்தை, சில்லிட்ட டைல்ஸ் தரை, முழுதாகக் காயாத வேட்டி. ஈரத்துணி உடல்வெப்பத்தை உலர்ந்த துணியைவிடப் பல மடங்கு விரைவாக இழுத்துக்கொள்ளும். ஆகவே வீட்டை அடைப்பதைவிட உலர்த்துவதே இதமான வீட்டுக்கு முதல் வேலை.

இதைப் பழைய கட்டடக்காரர்கள் நன்றாக அறிந்திருந்தனர். பத்மநாபபுரம் அரண்மனையைச் சுற்றிப் பார்த்தவர்கள் அதன் சரிந்த ஓட்டுக்கூரை சுவரைத் தாண்டி வெளியே இறங்கி நிற்பதையும், மரச்சட்டங்களாலான அழிகள் சாரலைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடுவதையும் கவனித்திருக்கலாம். சாதாரண ஓட்டு வீடுகளிலும் இதே ஏற்பாடுதான்; ஓட்டின் இடுக்குகள் வழியே நீராவி தானாக வெளியேறிவிடும். இன்றைய தட்டட்டி (கான்கிரீட் மொட்டைமாடி) வீடுகளிலோ ஒன்றரை அடி சன்ஷேடுக்குக் கீழே சுவர் முழுவதும் நனைகிறது. உள்ளே எழும் ஆவிக்கும் போக வழியில்லை. வீட்டை இடிக்கச் சொல்லவில்லை. மேற்குச் சுவர் முழுவதற்கும் ஒரு தகரச் சாய்ப்பு இறக்கினால், ஒவ்வொரு ஆண்டும் பெயின்ட் அடிப்பதைவிட அதிகப் பலன் கிடைக்கும்.

இழுப்பு அடங்காத ஒரு முதியவரின் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, அவர் கட்டிலை ஒட்டி மேற்குச் சுவரோடு சேர்த்து வைத்திருந்த இரும்புப் பீரோவை நகர்த்தச் சொன்னேன். பீரோ நின்ற இடம் மட்டும், அதன் உயர அகலத்துக்கு அளவெடுத்தாற்போல, கரும்பச்சை நிறத்தில் பூசணம் படர்ந்திருந்தது. விரலால் தொட்டால் மாவுபோல் உதிர்ந்தது. மருமகள் நாள்தோறும் கூட்டித் துடைக்கும், பார்வைக்கு மிகத் தூய்மையான அறை அது. காற்று புக இடமில்லாத குளிர்ந்த சுவரில் ஈரம் படிவதும், அங்கே பூசணம் முளைப்பதும் இயல்பு. அதன் வித்துகள் காற்றில் கலந்து ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழாயைச் சுருங்க வைக்கின்றன. பீரோ, கட்டில், மெத்தை எதுவானாலும் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளியே இருக்கட்டும். பூசணத்தை உலர்ந்த துடைப்பத்தால் தட்டினால் வித்துகள் அறையெங்கும் பரவும். முகக்கவசம் அணிந்து, சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, சுவரை நன்கு உலரவிட வேண்டும். கசிவை அடைக்காமல் மேலே வண்ணம் பூசுவது வீண் செலவு.

கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி, அதாவது மைட், இன்னொரு தொல்லை. ஒரு மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்கே நீளமுள்ள இப்பூச்சி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியே வாழ்வதால், மழைமாதத்து மெத்தையும் தலையணையும் அதற்கு ஏற்ற இருப்பிடங்கள். கனத்த கம்பளியைவிட, துவைக்கக்கூடிய பருத்திப் போர்வைகள் இரண்டை அடுக்கிப் போர்த்துவது நல்லது. வெப்பமும் நிற்கும், வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கவும் முடியும். வெயில் தலைகாட்டும் நாளில் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு மெத்தையைத் தட்டட்டிக்கு ஏற்றுங்கள்.

ஒரு தடவையில் துவைக்கும் துணிகள் முழுவதையும் அறைக்குள் கொடி கட்டிக் காயவைத்தால் ஏறக்குறைய இரண்டு லிட்டர் நீர் அந்த அறைக் காற்றில்தான் கலக்கிறது. துணிகளை முன்வராந்தாவிலோ, சாய்ப்பின் கீழோ போட வேண்டும். வேறு வழியில்லையெனில் ஆள் படுக்காத ஓர் அறையில் மின்விசிறியைச் சுழலவிட்டு, சன்னலைத் திறந்துவைத்துக் காயவைக்கலாம். அடைமழையின்போது சன்னலைத் திறப்பதால் பெரும் பயன் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மழை வெறிக்கும் இடைவெளியில் எதிரெதிர்ச் சன்னல்களைக் கால்மணி நேரம் திறந்தால் போதும். சமையல், குளியல் ஆவியை மட்டும் மழையானாலும் அப்போதைக்கப்போது வெளியேற்ற வேண்டும்.

புகையைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன். மூடிய அறையில் இரவு முழுவதும் எரியும் ஒரு கொசுவர்த்திச் சுருள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வரை வெளியிடும் அளவுக்கு நுண்துகள்களை வெளியிடுவதாக 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று அளவிட்டுச் சொன்னது. வீட்டில் யாரும் புகைபிடிப்பதில்லை என்று உறுதியாகச் சொல்லும் குடும்பங்கள் சுருளைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. வலை கட்டிப் படுப்பதே சிறந்தது. டெங்குக் கொசு பகலில் கடிப்பதால் குழந்தையின் பகலுறக்கத்துக்கும் வலை தேவை. குளிப்பாட்டிய குழந்தையைச் சாம்பிராணிப் புகையில் காட்டும் வழக்கத்தை அம்மச்சிமார் எளிதில் விடமாட்டார்கள் என்பது தெரியும். ஆயினும் தலையைத் துவட்டி உலர்த்துவதற்கு மென்மையான துண்டு ஒன்றே போதுமானது. எல்லாவற்றிலும் கொடியது, கதவைச் சாத்திய அறையில் தேங்காய்ச் சிரட்டைக் கனலை வைத்துக் குளிர்காய்வது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். காற்றோட்டமில்லாத குளியலறையில் பொருத்திய கேஸ் கீசருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

வீட்டுக்குள் செருப்பணிவதைப் பலர் விரும்புவதில்லை. ஆனால் சில்லிட்ட தரையில் வெறுங்காலுடன் நடக்கும் முதியவருக்குக் கால் மரத்துப்போய்த் தடுமாற வாய்ப்புண்டு. வழுக்காத அடியுள்ள தனிச் செருப்பும், குளியலறை வழியில் இரவு முழுவதும் எரியும் சிறு விளக்கும் இருக்கட்டும். பகலில் அவரை இருண்ட அறையில் படுக்க வைக்காமல், சாரல் எட்டாத இடத்தில் தெருவைப் பார்த்தபடி நாற்காலி போட்டுக் கொடுங்கள். சூடான கஞ்சியும் பயறும், மாலையில் சுக்குக் காப்பியும் இதம் தரும். கருப்பட்டி சேர்த்தால் சர்க்கரை ஏறாது என்ற நம்பிக்கை நம் ஊரில் வலுவானது. அது உண்மையல்ல, நீரிழிவு உள்ளவர்கள் கருப்பட்டியையும் அளந்தே சேர்க்க வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குச் சளிக்கென்று தேன் கொடுக்கவே கூடாது.

இவ்வளவும் செய்த பிறகும் இருமல் இரண்டு வாரத்தைக் கடந்தால், மழைக்காலத்து இருமல்தானே என்று கசாயம் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். காசநோயா என்று அறியும் சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்யப்படுகிறது. ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுப்பவர்கள், பழகிவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மழைமாதங்களில் அதைத் தாமாக நிறுத்தக்கூடாது. பேசும்போது ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ மழை விடும்வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.