குளித்தால் போதை தெளியுமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் வளர்ந்தேன். கல்யாண வீட்டுக்கு மறுநாள் விடியற்காலையில் எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு சத்தம் தவறாமல் கேட்கும். மாமா தொட்டித் தண்ணீரை வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொள்ளும் சத்தம் அது. பிறகு ஒரு குவளை கட்டிக் கோப்பி. "தெளிஞ்சிருச்சு" என்பார். மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு, காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குக் கிளம்பிவிடுவார். கண் விழித்திருக்கும், உண்மைதான். இரத்தத்தில் இருந்த மது அப்படியேதான் இருந்திருக்கும்.

மதுவின் பெரும்பகுதி சிறுகுடல் வழியாக இரத்தத்தில் கலக்கிறது. வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் கலப்பது மெதுவாகும், அவ்வளவுதான். அதைச் சிதைக்கும் வேலை கல்லீரலுடையது. அங்குள்ள நொதி மதுவை அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. அது பிறகு அசிட்டிக் அமிலமாகிறது. கொஞ்சம் மது வந்தாலே அந்த நொதிக்குக் கைகொள்ளாத வேலை. மீதி எவ்வளவு காத்திருந்தாலும் அதன் வேகம் கூடாது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறையும். குளியலும் கோப்பியும் எலுமிச்சைச் சாறும் இந்த வேகத்தை அசைக்காது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 65 கிலோ எடையுள்ள ஒருவர் இரவு எட்டு மணியிலிருந்து நள்ளிரவுக்குள் நான்கு பெரிய போத்தல் பீர் குடிக்கிறார். ஏறக்குறைய 100 கிராம் மது. நள்ளிரவில் அவருடைய 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 170 மில்லிகிராம் அளவில் இருக்கும். காலை ஐந்தரைக்கு இன்னும் 87 அளவில். மலேசியச் சட்டத்தின் வரம்பு 50. அவர் அதற்குக் கீழே இறங்கக் காலை எட்டு மணி ஆகும். ஆளுக்கு ஆள் இது கொஞ்சம் கூடும் குறையும். கள்ளுக்கோ இந்தக் கணக்கும் போட முடியாது. இறக்கிய நேரத்திலிருந்து அது புளித்துக்கொண்டே இருப்பதால், காலைக் கள்ளும் மாலைக் கள்ளும் ஒன்றல்ல. சம்சு என்ற மலிவுச் சாராயப் போத்தலில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

முன்பு வரம்பு 80 ஆக இருந்தது. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தை 2020இல் திருத்தியபோது 50 ஆக்கினார்கள். மூச்சில் என்றால் 100 மில்லிலிட்டருக்கு 22 மைக்ரோகிராம். நுரையீரலின் ஆழத்தில் இரத்தத்து மது காற்றில் கலக்கிறது. போலீஸ்காரர் நீட்டும் கருவியில் ஊதினால், உள்ளே பிளாட்டினத் தகட்டில் அந்த மது வேதிமாற்றம் அடைந்து மின்சாரம் பிறக்கிறது. மது கூடினால் மின்சாரமும் கூடும். வெற்றிலையோ புதினா மிட்டாயோ வாடையை மறைக்கலாம், மின்சாரத்தை மறைக்காது. முதல் முறை வரம்பைத் தாண்டியவருக்கு 10,000 முதல் 30,000 ரிங்கிட் அபராதம், ஈராண்டு வரை சிறை. போதையில் ஓட்டி உயிரைப் பறித்தால் 10 முதல் 15 ஆண்டு சிறை, அதோடு 50,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம். மோட்டார் சைக்கிளுக்கும் இதே சட்டம்தான்.

என்னை அதிகம் பயமுறுத்துவது மூளையில் நடப்பது. மது முதலில் மழுங்கடிப்பது நிதானத்தை. "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்ல வைப்பதே அதுதான். 60 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் நொடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல் ஓடுகிறது. பிரேக்கை மிதிக்க அரை நொடி பிந்தினால் எட்டு மீட்டர் போய்விடும். செம்பனைக் குலை ஏற்றிய லாரி விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் இருட்டில், அந்த எட்டு மீட்டர்தான் உயிர்.

சட்டம் போதைப்பொருளையும் விடவில்லை. சியாபு என்ற போதைப்பொருள் தூக்கத்தைத் துரத்தித் துணிச்சலைக் கொடுக்கும்; அது இறங்கும்போது வண்டி ஓட்டுபவரே அறியாமல் கண் சொக்கும். சளிக்கு வாங்கும் சில மாத்திரைகளும் தூக்கத்தைத் தரும். ஓட்டலாமா என்று மருந்துக் கடையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு தீபாவளிக்கு மறுநாள் அத்தை மோட்டார் சாவியை அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டார். மாமா கத்தினார், கெஞ்சினார். "ஒரு நாள் பேர் போனா போகட்டும் மாமா" என்று சொல்லிவிட்டு அத்தை தோசை சுட உட்கார்ந்தார். அத்தை சாவியைத் தேடி எடுத்துக் கொடுத்தபோது மணி எட்டரை. சாவியின் பல்லிடுக்கில் அரிசிமணி ஒன்று ஒட்டியிருந்தது.