சாய்ந்து நின்ற ஜோ கிரீன்

1974ஆம் ஆண்டு அமெரிக்கக் கால்பந்து சீசனின் கடைசிக் கட்டத்தில், பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் ஜோ கிரீன் நிற்கும் விதம் மாறியது. அதுவரை எல்லாத் தற்காப்பு வரிசைக்காரர்களையும் போல, கையைத் தரையில் ஊன்றி, எதிரே இருப்பவரை நேருக்கு நேர் பார்த்துக் குனிந்து நின்றவர்தான். இப்போது உடலைத் திருப்பி, எதிரணித் தடுப்பு வரிசையின் நடுவில் நிற்கும் சென்டருக்கும் அவருக்குப் பக்கத்தில் நிற்கும் கார்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியைக் குறிவைத்துச் சாய்வாக நிற்க ஆரம்பித்தார். மாற்றம் அவ்வளவுதான். டிசம்பர் 29 அன்று ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியால் பந்தைச் சுமந்து ஓடி 29 கெஜம்தான் முன்னேற முடிந்தது. இரண்டு வாரம் கழித்து நியூ ஆர்லியன்ஸில் நடந்த சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணிக்குக் கிடைத்தது 17 கெஜம். ஓர் ஆட்டம் முழுவதும் ஓடியும் 15.5 மீட்டர்! ஸ்டீலர்ஸ் 16-6 என்று வென்று தன் முதல் சூப்பர் பவுல் பட்டத்தை எடுத்துக்கொண்டது.

கிரீன் 193 சென்டிமீட்டர் உயரம், சுமார் 125 கிலோ எடை. 1969இல் அணிக்கு வந்த முதல் ஆண்டிலேயே லீகின் சிறந்த புதுமுகத் தற்காப்பு ஆட்டக்காரர் என்ற விருது பெற்றார். அணியோ அந்த ஆண்டு 14 ஆட்டங்களில் ஒன்றைத்தான் வென்றது. இப்படிப்பட்ட ஆளைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் பலத்தைத்தான் பேசுவார்கள். எனக்கு அது பாதிக் கதையாகவே படுகிறது. அந்த வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் பலசாலிகள். பலமும் பலமும் சமமாக மோதும் இடத்தில் வெற்றியைத் தீர்மானிப்பது கோணமும் நேரமும்.

இந்த ஆட்டத்தை அறியாதவர்களுக்கு ஒரு வரி: பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும், ஒவ்வொரு முயற்சியும், சென்டர் என்பவர் கால்களுக்கிடையே பந்தைப் பின்னுக்குக் கொடுக்கும் கணத்தில் தொடங்குகிறது. தற்காப்பு வரிசைக்காரரின் வேலை, தன்னைத் தடுக்க நிற்கும் மலைகளைக் கடந்து பந்துக்காரரை மடக்குவது.

முதலில் மோதலைப் பார்ப்போம். 125 கிலோ உடல் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வந்து 0.2 வினாடியில் நிறுத்தப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், சராசரி விசை சுமார் 1,900 நியூட்டன். கிட்டத்தட்ட 190 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். ஆனால் இது தாக்குபவருக்கும் தாங்குபவருக்கும் ஒரே அளவுதான். நியூட்டனின் மூன்றாம் விதி யாருக்கும் சலுகை காட்டுவதில்லை. அப்படியானால் ஒருவர் மட்டும் பின்னுக்குப் போவது எப்படி?

விடை காலடியில் இருக்கிறது. யாராலும் தன் காலணிக்கும் தரைக்கும் உள்ள பிடிமானத்தைவிட அதிகமாகத் தள்ள முடியாது. அந்தப் பிடிமானம், தரையை அவர் எவ்வளவு அழுத்துகிறார் என்பதைப் பொறுத்தது. இப்போது ஒருவர் எதிராளியின் மார்புக்குக் கீழே புகுந்து, முன்னும் மேலுமாகத் தள்ளுகிறார் என்று வையுங்கள். மேல்நோக்கிய விசை எதிராளியின் எடையில் ஒரு பகுதியைத் தூக்கிவிடுகிறது. அவருடைய காலணியின் பிடி தளர்கிறது. எதிர்விசை கீழ்நோக்கி வந்து, தள்ளுபவரின் பாதங்களைத் தரையில் இன்னும் அழுத்துகிறது. ஒரே தள்ளலில் அவர் பிடிமானம் குறைகிறது, இவர் பிடிமானம் கூடுகிறது. இத்துடன் சாய்க்கும் திருப்புவிசையும் சேர்ந்துகொள்கிறது. இரும்பு பீரோவை மேல்பக்கம் பிடித்துத் தள்ளினால் அது சாயப் பார்ப்பதைப் போல, நிமிர்ந்து நிற்பவரின் மார்பில் விழும் விசை அவரைக் குதிகால்மேல் சாய்த்துவிடும். தாழ்ந்திருப்பவர் வெல்வார் என்று அமெரிக்கப் பயிற்சியாளர்கள் ஓயாமல் சொல்வதற்குப் பின்னே இருக்கும் இயற்பியல் இதுதான்.

சாய்வான நிலைக்கு வருவோம். சாதாரணமாக, கிரீனைப் போன்றவரைச் சமாளிக்க இரண்டு தடுப்பாளர்கள் தோளோடு தோள் சேர்ந்து அவரைத் தள்ளுவார்கள். நேராக நிற்பவர்மேல் இரு விசைகளும் ஒரே திசையில் விழுந்து கூடுகின்றன. இருவரின் இடைவெளிக்குள் குறுக்காகப் புகுபவர் விஷயத்தில் அந்தக் கணக்கு செல்லாது. கார்டுக்குக் கிடைப்பது அவருடைய தோளும் விலாவும்தான். மார்பில் கை வைத்துத் தள்ளப் பரப்பு இல்லை. சென்டரோ பக்கவாட்டில் தள்ளப்பட்டு, தன் அணியின் இன்னொரு கார்டு போகவேண்டிய பாதையிலேயே போய் விழுகிறார்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பெரும்பாலான சென்டர்கள் வலது கையால் பந்தைக் கொடுப்பவர்கள். கிரீன் தற்காப்பு வரிசையின் இடப்பக்க ஆட்டக்காரர்; அதாவது அவர் பாய்வது சென்டரின் வலப்பக்கத்தில். பந்தைப் பின்னுக்கு அனுப்பிவிட்டு அந்த வலது கை தற்காப்புக்குத் திரும்பி வருவதற்குள் கிரீனின் தோள் உள்ளே வந்திருக்கும். இவரைப் பிடித்து வைக்க இரண்டு பேர், சில சமயம் மூன்று பேர் தேவைப்பட்டார்கள். விளைவாக, தற்காப்பு வரிசைக்குப் பின்னால் நிற்பவரும் சென்டர் தடுக்க வேண்டியவருமான நடு லைன்பேக்கர் ஜாக் லாம்பர்ட் தொந்தரவில்லாமல் பந்துக்காரரைத் தேடிப் போனார். அந்த லாம்பர்ட் அப்போது முதலாண்டு ஆட்டக்காரர் என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்த ஏற்பாட்டில் ஆபத்தும் இல்லாமல் இல்லை: ஆட்டம் வெளிப்பக்கம் திரும்பினால், உள்ளே புகுந்துவிட்டவரின் இடம் காலியாக இருக்கும். பக்கத்தில் எர்னி ஹோம்ஸ், ஓரங்களில் எல்.சி. கிரீன்வுட், டுவைட் ஒயிட் என்று ஆட்கள் வாய்த்திருந்ததால்தான் அந்தத் துணிச்சல் எடுபட்டது.

அடுத்தது நேரம். பந்து எப்போது நகரும் என்பது தாக்கும் அணிக்கு முன்பே தெரியும்; தற்காப்பு அணிக்குத் தெரியாது. மனிதக் காது கண்ணைவிட விரைவாகச் செயல்படும். ஒலிக்கு எதிர்வினை சுமார் 0.15 வினாடி, காட்சிக்கு சுமார் 0.2 வினாடி. அப்படியிருந்தும் தற்காப்பு வரிசைக்காரருக்குக் காதை நம்பாதே என்றுதான் கற்றுக்கொடுக்கிறார்கள். சென்டரிடமிருந்து பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் குரலில் தூண்டில் இருக்கும். முன்னதாகக் கோட்டைத் தாண்டினால் 5 கெஜம் தண்டனை. எனவே பயிற்சியில் பயிற்சியாளர் ஒரு குச்சியின் முனையில் பந்தை மாட்டிக்கொண்டு ஆட்டக்காரர்களுக்கு முன்னால் உட்கார்கிறார். வாயால் என்னென்னவோ கத்துவார். பந்து நகர்ந்தால் மட்டுமே பாய வேண்டும். பார்க்கச் சிறுபிள்ளை விளையாட்டு போலிருக்கும். கூச்சலை வடிகட்டிவிட்டு, ஒரே ஒரு காட்சிக்கு மட்டும் உடல் பதில் சொல்லப் பழக்குகிற வேலை அது.

1975இல் கிரீனின் கழுத்து நரம்பு நசுங்கியது. கழுத்தின் தண்டுவடத்திலிருந்து தோளுக்கும் கைக்கும் போகும் நரம்பு வேர்கள், தலை பக்கவாட்டில் வளையும் மோதல்களில் இழுபடும் அல்லது நசுங்கும். கை மரத்துப்போகும், வலு குறையும். தோளையே ஆயுதமாக வைத்திருந்தவருக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று விளக்க வேண்டியதில்லை. அதன்பிறகும் 1981 வரை ஆடினார், நான்கு சூப்பர் பவுல் பட்டங்களையும் பார்த்துவிட்டுத்தான் ஓய்ந்தார். குவார்ட்டர்பேக்கை மடக்கி வீழ்த்துவதை லீக் அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியது 1982இல். ஆகவே அவர் வீழ்த்தியவற்றுக்கு அதிகாரபூர்வக் கணக்கே கிடையாது. அமெரிக்கப் பொதுமக்களில் பலருக்கோ 1979இல் வந்த கோகோ கோலா விளம்பரத்தில் ஒரு சிறுவனுக்குத் தன் சட்டையை எறியும் மனிதராகத்தான் இவரைத் தெரியும்!

1987இல் தன் பழைய தலைமைப் பயிற்சியாளர் சக் நோலிடமே தற்காப்பு வரிசைப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். நோலின் ஓய்வுக்குப் பிறகு 1992இல் மயாமி, 1996 முதல் 2003 வரை அரிசோனா.

நட்சத்திர ஆட்டக்காரர்கள் பலர் பயிற்சியில் சோபிப்பதில்லை. இதற்கு உளவியல் ஒரு காரணம் சொல்கிறது. சைக்கிள் ஓட்டுவது போன்ற திறன்கள் சொற்களாக நினைவில் இருப்பதில்லை. அவற்றில் பெருமூளையின் அடியிலுள்ள முடிச்சுகளுக்கும் சிறுமூளைக்கும் பெரும்பங்கு உண்டு. ஆயிரக்கணக்கான முறை செய்து பழகியவர், தான் என்ன செய்கிறோம் என்பதைச் சொல்ல முயலும்போது பெரும்பாலும் உடலின் பாகங்களைப் பற்றிப் பேசுவார்: முழங்காலை மடக்கு, முழங்கையை ஒடுக்கு. கேட்பவர் தன் முழங்காலைக் கவனிக்கத் தொடங்கியதும் இயக்கம் தடுமாறுகிறது. காப்ரியேல் உல்ஃப் முதலியோரின் ஆய்வுகள் காட்டுவது, கவனத்தை உடலுக்கு வெளியே, செயலின் விளைவில் வைத்தால் திறன் நன்றாகப் படிகிறது என்பதைத்தான். 'முழங்காலை மடக்கு' என்பதைவிட 'அவர் சட்டை எண்ணுக்குக் கீழே கையை வை' என்பது பலன் தரும். முழங்கால் தானாக மடங்கிக்கொள்ளும்.

இந்த இடத்தில் 1974இன் அனுபவம் கிரீனுக்குக் கைகொடுத்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். சாய்வு நிலை அவர் உடலுக்குள் ஊறிக் கிடந்த வித்தை இல்லை. அப்போதைய தற்காப்பு வரிசைப் பயிற்சியாளர் ஜார்ஜ் பெர்ல்ஸோடு சேர்ந்து யோசித்து உருவானது. கோணம், இடைவெளி, எந்தக் கை தாமதமாகும் என்பதையெல்லாம் பலகையில் கோடு போட்டுக் காட்டலாம், இன்னொருவருக்குக் கொடுக்கலாம். 125 கிலோவை அப்படிக் கொடுக்க முடியாது. அரிசோனாவில் அவரிடம் 1996இல் வந்த சிமியன் ரைஸ், ஓரத்தில் சுற்றி ஓடும் வேகக்காரர்; கிரீனுக்கு முற்றிலும் வேறான ஆட்டம். அவரும் முதல் ஆண்டிலேயே 12.5 முறை குவார்ட்டர்பேக்கை வீழ்த்தி, 27 ஆண்டுகளுக்கு முன் கிரீன் வாங்கிய அதே புதுமுக விருதை வாங்கினார்.

ஸ்டீலர்ஸ் கிரீனின் 75ஆம் சட்டை எண்ணை, இனி வேறு யாரும் அணியாதபடி, 2014இல் நிரந்தரமாக ஓய்வுக்கு அனுப்பியது. அதற்கு முன் அந்த அணி அப்படி ஒதுக்கிவைத்த எண் ஒன்றே ஒன்று, 1964இல் எர்னி ஸ்டாட்னரின் 70. ஸ்டாட்னரும் தற்காப்பு வரிசைக்காரர்தான், அவரும் பயிற்சியாளரானவர்தான். டல்லஸ் கௌபாய்ஸ் அணியின் தற்காப்பை அவர் நடத்திய காலத்தில், அந்த அணி இரண்டு சூப்பர் பவுல்களில் கிரீன் ஆடிய ஸ்டீலர்ஸிடமே தோற்றது.