முதல் மழைத் தண்ணீர் ஏன் கறுப்பு?

புரட்டாதிக் கடைசியில் இலங்கையின் வன்னியில் உள்ள கனகராயன் ஆற்றுக்குப் போனால் மணல்தான் இருக்கும், அங்கங்கே மடுவில் கொஞ்சம் தண்ணீர் தேங்கிக் கிடக்கும். பறங்கியாறும் பாலியாறும் அப்படித்தான், மாரியை நம்பிய ஆறுகள். அதனால் நகரம் வளர்ந்தால் ஆறு எப்படிக் கெடும் என்பதற்கு ஆலைக் கழிவுக் கதையை இங்கே தூக்கிவர வேண்டியதில்லை, முதல் மழையைப் பார்த்தாலே போதும்.

காட்டில் பெய்கிற மழையில் பெரும்பங்கு மண்ணுக்குள் இறங்கிவிடும். மிச்சம் சருகுக்குள் நின்று நின்றுதான் ஆற்றுக்கு வரும். கூரையும் தாரும் அப்படி விடாது. ஆயிரம் சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை விழுந்தால் கிட்டத்தட்ட 930 லீற்றர், அவ்வளவும் சீமெந்து முற்றத்தைத் தாண்டி உடனே வீதிக் கானுக்கு, அதாவது வடிகாலுக்கு, வந்து சேரும். வரும்போது சும்மா வருமா? கோடை முழுக்க வீதியில் சேர்ந்த எண்ணெய், டயர்த் தூள், ராத்திரியில் ஏ9 வீதியில் படுக்கிற மாடுகளின் சாணம், இறைச்சிக்கடை கழுவிய தண்ணீர், நிரம்பி வழிகிற மலசலகூடக் குழி என்று எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வரும். ஊத்தையில் பெரும்பகுதி மழையின் முதல் கொஞ்ச நேரத்திலேயே வந்துவிடும், அந்த நேரம் ஆற்றில் அதைக் கரைத்து நீர்க்கச் செய்யத் தண்ணீரே இருக்காது. பிரச்சினையே அதுதான்.

சரி, இந்தத் தண்ணீர் ஆற்றில் விழுந்தால் மீன் ஏன் சாகிறது? நஞ்சால்தான் என்று நினைப்போம், பல நேரம் மூச்சு முட்டித்தான் சாகிறது. 30 பாகை வெப்பத்தில் ஒரு லீற்றர் தண்ணீரில் கரைந்து நிற்கக்கூடிய ஒட்சிசன் ஏழரை மில்லிகிராம் அளவுதான். ஒரு லீற்றர் மலக்கழிவு நீரை பற்றீரியா தின்று முடிக்கவோ 200 மில்லிகிராமுக்கு மேல் வேண்டும். கணக்குப் பாருங்கள், ஒரு வாளிக் கழிவு இருபத்தைந்து வாளி நல்ல தண்ணீரின் மூச்சை இழுத்துவிடும்.

அப்புறம் சவர்க்காரத் தண்ணீரிலும் கழிவிலும் உள்ள பொசுபரசு குளத்துக்குப் போய்ப் பாசிக்கு உரமாகிறது. பாசி பகலில் ஒட்சிசன் விடும், இரவில் அதுவும் மற்ற உயிர்களைப் போல அதையே எடுக்கும். விடியப்புறம்தான் ஆகக் குறைவு. ஒருமுறை விடிய ஐந்தரைக்குக் குளக்கட்டில் நின்றபோது திலாப்பியாக்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் கண்டேன், பக்கத்தில் ஒரு விரால் ஒன்றும் நடக்காதது போல் போனது. அதற்கு வெளிக்காற்றையும் எடுத்து மூச்சுவிடத் தெரியும்.

இதற்குப் பெரிய இயந்திரம் இல்லாமலும் கொஞ்சம் செய்யலாம். கானை நேரே ஆற்றில் விடாமல் புல் வளர்ந்த ஒரு பள்ளத்தில் விட்டால் மண்டி அடியில் படியும், மிச்சத்தில் ஒரு பங்கைப் புல் எடுக்கும். ஆற்றங்கரை மருத மரங்களையும் பற்றையையும் வெட்டாமல் விட்டாலும் அதே வேலைதான் நடக்கும். எங்கள் சந்தியில் வாகனம் கழுவுகிற இடத்துக்குப் பின்னால் அப்படியொரு பள்ளம் முன்பு இருந்தது, போன வருசம் கிறவல் போட்டு மூடி மேலே இரண்டு கடை கட்டியிருக்கிறார்கள்.