வால்வுக்குள் வளரும் எலும்பு

இருதயத்தின் பெருநாடி வால்வில் மூன்று இதழ்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றரிலும் மெல்லியது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் தடவை திறந்து மூடுகிறது. நீண்டகாலச் சிறுநீரக நோய் உள்ளவர்களில் இந்த இதழ்கள் பல வருடங்கள் முந்தியே இறுகிவிடுகின்றன.

தொடங்கி வைப்பது பொஸ்பேட், சாப்பாட்டிலிருந்து உடலுக்கு வரும் ஒரு தாதுப்பொருள். பழுதான சிறுநீரகம் அதை வெளியேற்றாததால் குருதியில் தேங்கி, வால்வின் கலங்களுக்குள் புகுகிறது. அந்தக் கலங்கள் மெல்ல எலும்பாக்கும் கலங்களின் குணத்தைப் பெற்று, முதலில் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைச் சுரக்கின்றன. பிறகு அதன்மேல் கல்சியம் பொஸ்பேட் பளிங்குகளை அடுக்குகின்றன. இதைத் தடுக்க உடலிலேயே காவல் உண்டு. ஈரல் சுரக்கும் பெட்டூயின்-ஏ என்ற புரதம் ஒன்று. விற்றமின் கே இருந்தால் மட்டுமே வேலைசெய்யும் எம்ஜிபி என்ற புரதம் மற்றொன்று. நாட்பட்ட அழற்சியில் முதலாவது குறைகிறது. குருதி உறைவதைத் தடுக்கும் வார்பரின் மருந்து விற்றமின் கேயின் வேலையைத் தடுப்பதால், அதை எடுப்பவர்களில் இரண்டாவது முடங்குகிறது. அதற்காக வார்பரினைத் தாங்களாகவே நிறுத்தவே கூடாது.

டயலிசிஸ் எல்லாப் பொஸ்பேட்டையும் எடுத்துவிடும் என்று நம்பியிருப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். நான்கு மணிநேர டயலிசிஸ் ஒன்றில் வெளியேறுவது சுமார் 800 முதல் 1,000 மில்லிகிராம். வாரம் மூன்று தடவை செய்தால் அதிகபட்சம் 3,000. தினமும் 1,000 மில்லிகிராம் சாப்பிட்டு, அதில் 60 வீதம் உறிஞ்சப்பட்டாலே வாரத்துக்கு 4,200 உள்ளே போகிறது.

மிச்சத்தைப் பிடிக்கவே பொஸ்பேட் கட்டும் குளிசை. அது சோற்றோடு வயிற்றில் கலக்க வேண்டும். கல்சியம் காபனேற்றுக் குளிசையைப் படுக்கப் போகும்போது வெறும் வயிற்றில் போட்டால் பிடிக்கப் பொஸ்பேட் இருக்காது, கல்சியம் மட்டும் குருதிக்குப் போய்ச் சேரும். இரத்தப் பரிசோதனையில் கல்சியம் கூடியிருந்தால், கல்சியம் இல்லாத செவெலமர் என்ற பொஸ்பேட் கட்டும் குளிசை பொருந்துமா என்று வைத்தியரைக் கேளுங்கள்.

சாப்பாட்டிலும் எல்லாப் பொஸ்பேட்டும் ஒன்றல்ல. பருப்பில் உள்ளதில் பாதிக்கும் குறைவாகவே உடலில் சேரும். சொசேஜ், கோலா, பதப்படுத்திய சீஸ் ஆகியவற்றில் சேர்க்கப்படும் பொஸ்பேட் பெரும்பாலும் முழுதாகவே உறிஞ்சப்படும். வெள்ளவத்தைக் கடையில் பைக்கற்றை எடுத்தால் பின்பக்கத்தில் 338 முதல் 341 வரையான, அல்லது 450, 451, 452 என்ற, பொஸ்பேட் சேர்த்திருப்பதைக் குறிக்கும் எண்கள் உள்ளனவா என்று பாருங்கள். முள்ளோடு சாப்பிடும் நெத்தலிக் கருவாட்டிலும் பொஸ்பேட் ஏராளம், உப்பு வேறு.

இறுகிய வால்வை இளக்க மருந்து இன்னும் இல்லை. மாற்றலாம், ஆனால் விலங்குத் திசு வால்வும் டயலிசிஸ் நோயாளிகளில் விரைவாகவே இறுகும். உலோக வால்வுக்கு வாழ்நாள் முழுக்க வார்பரின் வேண்டும். ஆகவே நேரத்தோடு கண்டுபிடிப்பதே பெரிய விஷயம். படியேறும்போது மூச்சு வாங்குவதை உடலில் நீர் கூடியதாகவே எண்ணிவிடுவார்கள். டயலிசிஸில் நீர் எடுத்த பிறகும் அது குறையாவிட்டால், டயலிசிஸ் நடுவே பிரஷர் அடிக்கடி விழுந்தால், மயக்கம் வந்தால் எக்கோ, அதாவது இருதய ஸ்கான், கேளுங்கள். டயலிசிஸ் செய்த மறுநாள் எடுப்பது நல்லது. உடலில் நீர் கூடியிருந்தால் வால்வைக் கடக்கும் குருதியின் வேகத்தை எக்கோ கூட்டிக் காட்டும். வழமையாக 3 முதல் 4 சதுர சென்ரிமீற்றர் திறக்கும் வால்வு 1க்குக் கீழே இறங்கினால், அல்லது குருதியின் வேகம் செக்கனுக்கு 4 மீற்றரை எட்டினால், அது கடுமையான அடைப்பு. அந்த இரண்டு எண்களையும் கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்; அடுத்த எக்கோவோடு ஒப்பிட அவைதான் வேண்டும்.