‘சார்ஜ்’ என்ற சொல்லும் அதன் தமிழும்

வெள்ளவத்தையில், காலி வீதியோரத்து உணவகம் ஒன்றில் அண்மையில் எங்களுக்குத் தரப்பட்ட பற்றுச்சீட்டில், மொத்தத் தொகைக்கு மேலே ‘சேவைக் குற்றச்சாட்டு 10%’ என்று ஒரு வரி அச்சிடப்பட்டிருந்தது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாசித்த அம்மா, “தம்பி, இதென்ன குற்றச்சாட்டு? ஆர் என்ன செய்தது?” என்று உண்மையாகவே பதறிக் கேட்டார். சிங்களத்தோடும் ஆங்கிலத்தோடும் தமிழிலும் சீட்டு அச்சிட வேண்டுமென்று அந்தக் கடையில் யாரோ எண்ணியிருக்கிறார்கள், அது பாராட்டுக்குரியது. ஆனால் ‘சார்ஜ்’ என்ற சொல்லுக்கு அகராதியில் வரிசையாக நிற்கும் பொருள்களில், நீதிமன்றத்துக்கு உரியதை எடுத்துச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

பஸ்ஸுக்குச் சார்ஜ், கைத்தொலைபேசிக்குச் சார்ஜ், பொலிஸார் போடும் சார்ஜ், அலுவலகத்தில் ‘இன்சார்ஜ்’ என்று ஒரே நாளில் நான்கு பொருளில் இச்சொல்லைக் கொழும்பில் கேட்கிறோம். ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை போல் தோன்றும் இப்பொருள்கள் எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அந்த வேர் ஒரு வண்டி.

கெல்ட்டிய மக்களின் மொழியிலிருந்து இலத்தீன் பெற்றுக்கொண்ட ‘கார்ருஸ்’ என்ற சொல் சக்கரம் பூட்டிய வண்டியைக் குறித்தது. அதிலிருந்து, வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறிக்கும் ‘கார்ரிகாரே’ என்ற வினை பிற்கால இலத்தீனில் உருவாகி, பழைய பிரெஞ்சில் ‘சார்ஜியே’ என்று திரிந்து, பிரெஞ்சு பேசிய நோர்மானியர் இங்கிலாந்தை வென்ற பின் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. ஆங்கிலத்தில் அதன் முதற்பொருள் சுமை என்பதுதான். கார், சுமந்து செல்வதைக் குறிக்கும் ‘கேரி’ (carry), வண்டியைக் குறிக்கும் ‘கேரியேஜ்’ (carriage) ஆகியவை இதன் உடன்பிறப்புகள். ஸ்பானிய மொழி வழியாக வந்த ‘கார்கோ’வும் அப்படியே. இத்தாலிய மொழியில் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியதைச் சொல்லும் ‘கரிகாத்தூரா’ கூட, மூக்கையும் காதையும் மிகைப்படுத்தி வரையும் கேலிச்சித்திரத்துக்குப் பெயராயிற்று.

இந்தக் குடும்பத்தின் ஒரு பிள்ளை தமிழிலும் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மாட்டுவண்டியை நம் முதியோர் ‘கரத்தை’ என்பார்கள். சிங்களத்தில் அது ‘கரத்தய’. இரண்டும் போர்த்துக்கேயரின் ‘கரேட்டா’வில் இருந்து வந்தவை. 1656 இல் ஒல்லாந்தரிடம் கொழும்பைப் பறிகொடுத்துவிட்டுப் போனவர்கள் இங்கே விட்டுச்சென்ற சொற்களில் அதுவும் ஒன்று. புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில், வெங்காய மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கைவண்டியை நாட்டாமிமார் இருவர், ஒருவர் முன்னால் இழுக்க மற்றவர் பின்னால் தோள்கொடுத்துத் தள்ள, நெரிசலுக்குள் நகர்த்திச் செல்வதைப் பார்க்கும்போதெல்லாம், சார்ஜ் என்ற சொல்லின் ஆதிப்பொருள் கண்முன்னே போகிறது என்றே நினைத்துக்கொள்வேன்.

வண்டியில் ஏற்றிய பாரம், காலப்போக்கில் மனிதர் மேலும் பொருள்கள் மேலும் ஏறியது. ஒருவர்மேல் பணச்சுமையை ஏற்றினால் கட்டணம். குற்றத்தை ஏற்றினால் குற்றச்சாட்டு. கடமையை ஏற்றினால் பொறுப்பு. இங்கே நான் பெரிதும் மகிழ்வது, ஆங்கிலத்தைப் பாராமலே தமிழும் இதே வழியில் நடந்திருக்கிறது என்பதில். ‘குற்றம் சுமத்தினார்’, ‘பழி சுமத்தினார்’ என்கிறோமே, சுமத்துவது என்றால் சுமையை ஏற்றுவதுதானே. பொறுப்பு என்ற சொல்லும் ‘பொறு’ என்ற வினையில் பிறந்தது. பொறுத்தல் என்பது தாங்குதல், ‘பொறை’ என்பது பாரத்துக்கும் பொறுமைக்கும் ஒருங்கே பெயர். ஆகவே பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி என்ற பதவிப் பெயர் வெறும் மொழிபெயர்ப்பன்று, வேர்ப்பொருள் அறிந்து வைத்ததுபோல் அவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டது.

புதுக்கடை நீதிமன்றங்களில் வழங்கும் ‘குற்றச்சாட்டு’ம் நல்ல சொல். ஒருவர்மீது சார்த்துவதே சாட்டுதல் என்பதால், சொல்லப்பட்ட குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்ற நுணுக்கம் அதற்குள்ளேயே இருக்கிறது. ‘பொலிஸார் சார்ஜ் பண்ணினார்கள்’ என்பதற்குக் ‘குற்றஞ்சாட்டினார்கள்’ என்று எழுதினால் போதும்.

கட்டணத்துக்கு வருவோம். காசைக் ‘கட்டுவது’ நம் பேச்சு வழக்கு. கொடுப்பவர் பக்கம் நின்று பார்த்தால் அது கட்டணம். வாங்குபவர் பக்கத்துக்கு இலங்கைத் தமிழில் ‘அறவிடு’ என்ற அருமையான வினை உண்டு. ‘மேலதிகக் கட்டணம் அறவிடப்படும்’ என்ற அறிவித்தலை அலுவலகங்களில் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் பெரிதும் வழங்கும் ‘வசூலி’ அரபு மூலத்தது. நம்மிடமுள்ள ‘அறவிடு’ என்பதை அதற்காகக் கைவிட வேண்டியதில்லை. பாணந்துறை–புறக்கோட்டை 100 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறுபவர் ‘பஸ் காசு’ என்கிறார், அதுவும் சரியான தமிழே. எழுதும்போது ‘பேருந்துக் கட்டணம்’ என்று எழுதலாம்.

மின்சாரத்துக்கு இச்சொல் வந்த கதை தனி. முற்காலத்தில் துப்பாக்கியிலும் பீரங்கியிலும் மருந்து கெட்டிப்பதைச் சார்ஜ் என்றார்கள். 1740களில் லெய்டன் சாடி என்ற கண்ணாடிக் கலத்தில் மின்னைச் சேர்த்து வைக்கக் கற்றுக்கொண்டபோது, சாடியை நிரப்புவதற்கும் அதே சொல் பொருந்தியது. அத்தகைய சாடிகள் பலவற்றை இணைத்து வைத்த பெஞ்சமின் பிராங்க்ளின், பீரங்கி அணியைக் குறித்த ‘பற்றரி’ என்ற சொல்லையே அதற்குப் பெயராக்கினார். இன்று நாம் சட்டைப்பையில் கொண்டு திரியும் பற்றரியும் சார்ஜும் இரண்டுமே ஒரு காலத்தில் படைக்களத்துச் சொற்கள்.

இதற்கு இலங்கைப் பாடநூல்கள் ‘மின்னேற்றம்’ என்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘மின்னூட்டம்’ என்கின்றன. ஊட்டுதல் உணவூட்டுவது, ஏற்றுதல் பாரம் ஏற்றுவது. நான் மின்னேற்றத்தின் பக்கம். வேர்ப்பொருளோடு ஒட்டி நிற்பது ஒரு காரணம். ஏற்றத்துக்கு எதிராக இறக்கம் என்ற இணை இயல்பாகவே கிடைப்பது அதைவிடப் பெரிய காரணம். தமிழ்நாட்டிலும் எதிர்ச்சொல்லாக ‘மின்னிறக்கம்’ என்றுதான் எழுதுகிறார்கள். இறங்குவது ஒன்று ஏறியிருக்கத்தானே வேண்டும்.

பாடநூல் அறியாதவர்களின் பேச்சும் இதற்குச் சான்று. ‘போனிலை சார்ஜ் ஏறுதில்லை’, ‘சார்ஜ் இறங்கிட்டுது’ என்றுதான் வெள்ளவத்தைக் கடைகளில் எல்லோரும் சொல்கிறார்கள். பெயர்ச்சொல் ஆங்கிலமாயினும் வினைச்சொல் தமிழாகவே, அதுவும் பாரத்துக்குரிய வினையாகவே, தானாக வந்து அமைந்துவிட்டது. கைத்தொலைபேசிக் கணக்கில் பணம் சேர்ப்பதைத் தமிழ்நாட்டார் ‘ரீசார்ஜ்’ என்கிறார்கள், நாம் ‘ரீலோட்’ என்கிறோம். இரண்டும் மறுபடி பாரம் ஏற்றுவது என்ற ஒரே பொருளையே தருகின்றன. தமிழில் ‘மீள்நிரப்பு’ என்றால் எளிதில் விளங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். ‘பொறுப்பேற்றார்’ என்பதிலுள்ள ஏற்றல், ஏல் என்ற வினையிலிருந்து வந்தது, அது ஏற்றுக்கொள்ளுதல். ‘மின்னேற்றினார்’ என்பதிலுள்ளது ஏறு என்பதன் பிறவினை. ஓசை ஒன்றுபட்டாலும் இவற்றை ஒன்றாகக் கொள்ளக் கூடாது.

பாய்ந்து தாக்குவதற்கும் சார்ஜ் என்பார்கள். குதிரைப்படைக்குப் பாய்ச்சல், பொலிஸாருக்குத் தடியடி என்று நம் செய்தித்தாள்கள் எழுதுவதே போதுமானது.

எதிர்ச்சொல்லான ‘டிஸ்சார்ஜ்’ஜுக்கும் ஒரே தமிழ் தேட வேண்டாம். துறைமுகத்தில் கப்பலிலிருந்து சரக்கை இறக்குகிறோம், பற்றரியில் மின்னிறக்கம், வழக்கிலிருந்து விடுவிப்பு. ஆசுபத்திரியில் நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதற்கோ, நம் ஊர்ப் பேச்சில் ‘துண்டு வெட்டுவது’ என்றே பெயர். நோயாளியின் விவரம் எழுதிக் கட்டிலோடு கிடந்த சீட்டுத் துண்டை முடித்துக் கையில் தருவதைக் கண்ணால் கண்டவர்கள் வைத்த பெயர் அது. அம்மாவை ஒருமுறை அனுமதித்திருந்தபோது, “இண்டைக்குத் துண்டு வெட்டுவினமாம்” என்று பக்கத்துக் கட்டில்காரி சொன்னதும் அவருடைய முகம் மலர்ந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

உணவகத்துச் சீட்டைக் காசாளரிடம் காட்டி, ‘சேவைக் கட்டணம்’ என்று மாற்றும்படி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்துக்கொண்டார்.