'டிக்' சத்தம் கேட்டால் சில்லைக் கழற்றிப் பாருங்கள்

போன மாதம் வவுனியாவில் எங்கள் கராஜுக்கு ஒரு பழைய எம்.ஜி.பி வந்தது, கம்பிச் சில்லு போட்ட, கூரை திறக்கிற இரண்டு சீட் கார். "அண்ணை, கிளச் விடேக்க பின்னால டிக் எண்டு ஒரு சத்தம், ரிவேர்ஸ் போட்டாலும் ஒருக்கா கேக்குது, வேற ஒண்டுமில்லை" என்றார் கொண்டுவந்த தம்பி. அந்தச் சத்தத்தோடு கொழும்பிலிருந்து ஓட்டி வந்திருக்கிறார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

எம்.ஜி.பி 1962 முதல் 1980 வரை வந்த கார். அதில் கம்பிச் சில்லு இருந்தால், நம் ஒஸ்ரின், மொரிஸ் மாதிரி நான்கு நட் இருக்காது. ஹப்பின் (அச்சு நுனியில் சில்லைப் பூட்டும் பாகம்) வெளிப்பக்கம் சுற்றிவரப் பற்கள், சில்லின் உள்ளேயும் அதே பற்கள், ஒன்றை மற்றதற்குள் தள்ளி நடுவில் ஒரே ஒரு பெரிய நட் போட்டு இறுக்குவார்கள். எஞ்சின் இழுப்பும் பிறேக்கும் அந்தப் பற்கள் வழியாகத்தான் ரயருக்குப் போகின்றன. இழுப்பு, பிறேக் இரண்டையும் தாங்குவது பின் சில்லு என்பதால் முதலில் தேய்வதும் அதுதான். பல் முழுக்கப் போய்விட்டால் கார் நடுவழியில் நிற்கும், அவ்வளவுதானே என்று நினைக்காதீர்கள். பிறேக் பிடிப்பது ஹப்பைத்தான். ஹப் நின்றாலும் சில்லு தன்பாட்டில் உருளும், அந்தச் சில்லுக்குப் பிறேக்கே இல்லை.

சோதிப்பது சுகம். காரை ஜக்கில் தூக்கி, ஒருவர் பிறேக்கை மிதித்துப் பிடிக்க, நீங்கள் ரயரை இரண்டு கையாலும் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹப் அசையாமல் சில்லு மட்டும் அசைந்தால் பல் தேய்ந்துவிட்டது, அந்த 'டிக்' சத்தமும் இதனால்தான்.

வன்னியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல் உரசினால் நட்டைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் ஒரு தூள் கசியும், நம் கிறவல் றோட்டுப் புழுதியும் அதே நிறம், அதனால் துணியால் துடைத்துவிட்டுப் போய்விடுகிறோம். துடைத்து இரண்டு நாள் தார் றோட்டில் மட்டும் ஓடிப் பாருங்கள், திரும்பவும் அதே இடத்தில் வந்தால் அது புழுதியல்ல, இரும்புத் துரு.

தம்பியின் காரில் வலப்பக்கப் பின் சில்லைக் கழற்றினோம். நல்ல பல்லின் தலை தட்டையாக இருக்கும், இதில் எல்லாம் வாள் பல் மாதிரிக் கூராகி ஒரு பக்கம் சாய்ந்திருந்தன, நகத்தை வைத்தால் கொளுவியது. இடையில் யாரோ டின் தகடு வெட்டிச் செருகியிருந்தார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள், வெல்டிங்கும் வைக்காதீர்கள், சத்தம் மட்டும்தான் அடங்கும். ஹப்பை மட்டும் புதிதாகப் போட்டாலும் பழைய சில்லு அதையும் தின்றுவிடும், ஹப்பும் சில்லும் சோடியாகத்தான் மாற வேண்டும். செலவுதான், ஆனால் இந்தக் காருக்குப் புதிய ஹப்பும் சில்லும் இன்னமும் செய்கிறார்கள். சாமான் வரும்வரை கார் கராஜில் நிற்கட்டும்.

அப்புறம் அந்தப் பெரிய நட்டின் மரை. காரின் இடப்பக்கம் சாதாரண மரை, வலப்பக்கம், அதாவது சாரதி பக்கம், எதிர் மரை. சில்லு முன்னோக்கிச் சுற்றும் திசையில் தட்டினால் நட் கழலும், எதிர்த்திசையில் இறுகும், இரண்டு பக்கத்துக்கும் இதே கணக்கு. ஹப்பைப் பக்கம் மாற்றிப் பூட்டினால் ஓட ஓட நட் தானாகக் கழலும். பழைய கிறீஸை முழுக்கக் கழுவிவிட்டு (புழுதி கலந்த கிறீஸ் அரத்துக்குச் சமம்) புதிதாக மெல்லிசாகப் பூசுங்கள். சில்லு நிலத்தில் முட்டாமல் இருக்கும்போதே செப்புச் சுத்தியலால் தட்டி இறுக்குங்கள், இரும்புச் சுத்தியல் வேண்டாம்.

சாமான் வந்து பூட்டி முடித்த அன்று நானும் தம்பியோடு கிளிநொச்சிப் பக்கம் ஓடிப் பார்க்கப் போனேன். சத்தம் இல்லை. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்து ஜக் வைத்துத் தூக்கித் தட்டிப் பார்த்தோம். இடப்பக்க நட் அசையவில்லை, வலப்பக்கம் இன்னும் ஒரு விரலளவு ஏறியது.